860 யூரோவும் அம்மாவின் ஸ்கிரீன்ஷாட்டும்

நான் ஒரு வருஷம் ஃபிரான்ஸில் இருந்துட்டு வந்தவன் என்று தெரிந்ததும் நம்ம இதழ் டீமில் இருந்து வந்து, "மச்சி, ஈஃபில் டவர் பத்தி ஏதாவது எழுதிக் குடு" என்று கேட்டார்கள். ஈஃபில் டவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் மழையில், பஸ் ஜன்னல் வழியாக. அதைப் பற்றி எழுத என்னிடம் இரண்டு வரிக்கு மேல் இல்லை. ஆனால் ஒரு வாடகை ரூமுக்கு நான் கொடுத்த 860 யூரோ அட்வான்ஸைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன். எக்ஸ்சேஞ்சுக்கோ, மாஸ்டர்ஸுக்கோ போகப் போகிற ஜூனியர்களுக்கு அதுதான் உபயோகம். பத்தாம் வகுப்புக்கு அப்புறம் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. சந்திப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்ட் கடைசியில் க்ரெநோபிள் போய் இறங்கினேன். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் தெருக் கோடியில் ஒரு மலை நிற்கும். க்ரூஸ் என்று சொல்லப்படுகிற அரசு ஹாஸ்டலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு சீனியர் காலி செய்த ரூம் தனியார் வீட்டில் கிடைத்தது. கட்டில், மேசை, மின் அடுப்பு எல்லாம் ஓனரே போட்டுத் தருகிற ரூம். மாச வாடகை 430 யூரோ, அட்வான்ஸ் இரண்டு மாச வாடகை. அப்போ ஒரு யூரோ கிட்டத்தட்ட 90 ரூபாய். கணக்குப் போட்டால் 77,000 ரூபாய்க்கு மேல். அம்மா தன் மூணு பவுன் செயினை அடகு வைத்துத்தான் அதை அனுப்பினார். "போனா போகுது கண்ணு, வரும்போது திரும்பி வந்துரும்ல?" என்று மட்டும் கேட்டார். வந்துரும்மா என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சாமானோடு வாடகைக்கு விடும் வீட்டுக்கு அங்கே சட்டப்படி இரண்டு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்க முடியாது. சாமான் இல்லாத வீடு என்றால் ஒரு மாசம்தான். இது எனக்குத் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. 'பெய் மொபிலித்தே' என்று ஒரு வகை வாடகை ஒப்பந்தம் உண்டு. 2018-ல் வந்த சட்டம் அது. படிப்புக்கோ, இன்டர்ன்ஷிப்புக்கோ 1 முதல் 10 மாசம் வரை தங்குகிறவர்களுக்கானது. அதில் அட்வான்ஸ் வாங்கவே கூடாது! ஓனர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இருந்ததே பத்து மாசம். கேட்டுப் பார்த்திருந்தால் செயின் அம்மா கழுத்திலேயே இருந்திருக்கும். நீங்களாவது கேளுங்கள்.

இன்னொன்று, அங்கே வாடகைக்கு விட கேரண்டி கேட்பார்கள். ஃபிரான்ஸில் சம்பாதிக்கிற சொந்தக்காரர் நமக்கு எங்கே? அதற்கு 'விசால்' என்று இலவசமாக ஒரு கேரண்டி இருக்கிறது. 30 வயது வரை யாரும் ஆன்லைனில் அப்ளை செய்யலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ரூமை நீங்களோ, நம்பிக்கையான ஒருத்தரோ நேரில் பார்க்காமல் பணம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

சரி, முதல் நாள் கதைக்கு வருவோம்.

ஓனர் எழுபது வயது தாண்டிய அம்மா. நான் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவேன். சாவி கொடுக்கும்போது நாலு பக்க ஃபார்ம் ஒன்றை நீட்டினார். அதன் பெயர் 'எத்தா தெ லியூ'. ரூமில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் என்ன நிலைமையில் இருக்கிறது என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற பேப்பர். சுவர் எப்படி, குழாய் எப்படி, மெத்தை எப்படி என்று வரிசையாக இருந்தது. நான் முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை. ஃபிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் வராது. அவர் எல்லா இடத்திலும் 'நல்ல நிலை' என்று டிக் அடித்தார். அடுப்புக் கண்ணாடியில் ஒரு ஓரத்தில் விரிசல் இருந்ததை நான் பார்த்தேன். மெத்தையில் பழைய கறை இருந்ததையும் பார்த்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வந்த உடனே வயசானவங்ககிட்ட குறை சொன்னா நல்லாவா இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதுதான் நான் செய்த பெரிய தப்பு. அங்கே அந்தப் பேப்பர்தான் சாட்சி. அதில் எழுதாத குறை எல்லாம் நீங்கள் வந்த பிறகு ஆனதாகத்தான் கணக்கு. இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், கையெழுத்துப் போட்டு 10 நாளுக்குள் "இதையும் சேருங்கள்" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஹீட்டர் என்றால் குளிர்காலம் தொடங்கி முதல் ஒரு மாசம் வரை கேட்கலாம். எனக்கு இது தெரிய வந்தது பத்தாவது மாசம்!

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ரூமைச் சுற்றிக் காட்டினேன். "அடுப்பு காட்டு, பாத்ரூம் காட்டு, எதுல படுப்ப?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

அடுத்த பிரச்சினை என் பேர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பேர் கிடையாது. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் இருப்பது அப்பா பேர். ஆக, அந்த ஊரில் பேங்க், காலேஜ், டாக்டர் எல்லாரும் என்னை அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வாரம் 'யாரைக் கூப்பிடறாங்க' என்று திரும்பிப் பார்ப்பேன். பேங்க் கார்டு தபாலில் வரும் என்றார்கள், வரவே இல்லை. பக்கத்து ரூம் மொராக்கோ பையன்தான் காரணம் சொன்னான். கீழே இருக்கிற தபால் பெட்டியில் நம் பேர் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். என் பெட்டியில் சீனியர் பேர் இருந்தது. அன்றைக்கே அப்பா பேரைப் பெரிசா எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "உங்கப்பன் பேரு பாரின்ல போர்டு ஏறிருச்சு" என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எல்லா ஃபார்மிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே, எழுத்துக்கு எழுத்து, பேரை எழுதுங்கள். ஒரு இடத்தில் மாறினாலும் மூணு மாசம் அலையணும்.

மற்ற பேப்பர் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் ஸ்டூடண்ட் விசாவில் போனால், இறங்கி மூணு மாசத்துக்குள் அதை ஆன்லைனில் வேலிடேட் பண்ணணும். நான் கட்டினது 50 யூரோ. இதை மறந்தால் விசா கையில் இருந்தும் நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியவர். பர்த் சர்டிஃபிகேட்டைக் கண்டிப்பாகக் கொண்டு போங்கள். அதற்கு அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஃபிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் நம்பர் வாங்க அதைக் கேட்பார்கள். மாணவர்களுக்கு அந்தப் பதிவு இலவசம். 13 இலக்க நம்பர், கூட 2 இலக்க கீ. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு நடுவில் 99 என்று வரும். அந்தக் கீ என்னவென்றால், நம்பரை 97-ஆல் வகுத்து வரும் மீதியை 97-லிருந்து கழிப்பது. போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அந்த வாரத்தில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

நம்பர் வந்ததும் ஒரு டாக்டரை 'என் டாக்டர்' என்று பதிவு செய்யுங்கள். செய்தால் டாக்டர் ஃபீஸில் 70 சதவீதம் திரும்பி வரும், செய்யாவிட்டால் 30 சதவீதம்தான். வாடகைக்கு 'காஃப்' என்ற அரசு அலுவலகம் உதவித்தொகை தந்தது. முதல் மாசத்துக்குக் கிடையாது, அதனால் வந்த உடனே அப்ளை பண்ணணும். இந்த விதிகள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்த ஆபீஸுக்குள் போனாலும், எந்தக் கடைக்குள் போனாலும் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால், அவர்கள் முகம் மாறிவிடும்.

அக்டோபரில் மதாம் ஒரு பை நிறைய வால்நட் கொண்டு வந்து கொடுத்தார். க்ரெநோபிள் வால்நட் அங்கே பேர் போனது. அந்த அம்மா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லணும்.

நவம்பரில் குளிர் தொடங்கியது. ஜன்னலுக்கு மேலே ஒரு நீளமான துளை வழியாக ஜில்லென்று காற்று வரும். ஹீட்டர் பில் ஏறுகிறதே என்று நான் அந்தத் துளையை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். இன்ஜினியரிங் மூளை! உள்ளேயே சோறு வடிப்பேன், துணி காயப் போடுவேன். ஜனவரியில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. ஈரக் காற்று வெளியே போகத்தான் அந்தத் துளையே இருக்கிறது. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் தினமும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், பெயிண்ட்தான் உரிந்தது.

2025 ஜூலையில் காலி செய்தேன். ஒரு மாசம் முன்னாடியே பதிவுத் தபாலில் நோட்டீஸ் கொடுத்தேன். அந்த மாதிரி ரூமுக்கு ஒரு மாசம்தான் கணக்கு. போகும்போது நம்ம ஊர் அட்ரஸை எழுத்தில் கொடுத்தேன், பேங்க் அக்கவுண்டை மூடவில்லை. இந்த இரண்டும் மட்டும் சரியாகச் செய்தேன். வரும்போது போட்ட பேப்பரோடு ஒத்துப்போனால் ஒரு மாசத்தில் அட்வான்ஸ் திரும்ப வரணும். வித்தியாசம் இருந்தால் இரண்டு மாசம் வரை ஆகலாம்.

ஆகஸ்ட் கடைசியில் வந்தது 260 யூரோ. 600 பிடித்துவிட்டார். அடுப்புக்கு 180, மெத்தைக்கு 210, சுவருக்கு 210.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபோது என்னைத் திட்டவில்லை. "அந்த அடுப்பு நீ போன அன்னிக்கே ஒடஞ்சிதானே கண்ணு இருந்துச்சு?" என்றார். உனக்கு எப்படிம்மா தெரியும் என்றேன். போனைத் தேடி எடுத்துக் காட்டினார். அன்றைக்கு வீடியோ காலில் நான் காட்டக் காட்ட, பெரியம்மாவிடம் காட்டுவதற்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். பதினோரு படம். ஒன்றில் அடுப்பு விரிசல், இன்னொன்றில் மெத்தைக் கறை. தேதியோடு.

அங்கே வீட்டு வாடகைச் சட்டத்தில் இலவச ஆலோசனை சொல்ல 'அதில்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஆமாம், பேரே 'அதில்'தான். மொராக்கோ நண்பன் எனக்காகப் போய்க் கேட்டான். படங்களையும் வைத்து, ஓனருக்குப் பதிவுத் தபால் அனுப்பச் சொன்னார்கள். ஆன்லைனில் இங்கிருந்தே அனுப்பலாம். பிடித்த பணத்துக்கு ரசீதோ, எஸ்டிமேட்டோ காட்ட வேண்டியது ஓனர் பொறுப்பு. பழசானதால் வந்த தேய்மானத்தை வாடகைக்கு இருந்தவர் தலையில் கட்ட முடியாது. தர வேண்டியதைத் தாமதித்தால் மாசத்துக்கு வாடகையில் 10 சதவீதம் கூடுதலாகத் தரணும் என்று 1989 ஜூலை 6 தேதியிட்ட சட்டத்தைச் சொல்லி எழுதினேன். ஒத்து வராவிட்டால் மாவட்ட சமரசக் குழுவுக்குப் போவேன், அதுவும் இலவசம் என்று முடித்தேன்.

எழுதும்போது ஒரு இடத்தில் கை நின்றது. சுவர். அதையும் சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று நண்பன் சொன்னான். ஆனால் டேப் போட்டது நான்தானே. "சுவர் என் தப்பு, அந்த 210-ஐ ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதினேன்.

அக்டோபரில் 390 யூரோ வந்தது. கூட ஒரு சின்ன மெயில். அடுப்பு விரிசல் தனக்கும் நினைவில்லை, மன்னிக்கவும், வால்நட் இந்த வருஷமும் நல்ல விளைச்சல் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். செயினை மீட்க மிச்சம் தேவைப்பட்ட பணத்தை என் இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் இருந்து போட்டேன்.

போகிற ஜூனியர்களுக்குக் கடைசியாக ஒன்று. பாஷை தெரியாத ஊரில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சாவி வாங்கும்போது பத்து நிமிஷம் அதிகமாக நில்லுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், மெத்தையைத் திருப்பிப் பாருங்கள், எழுதச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ரூமைக் காட்டுங்கள். அவங்க எதையும் மறக்க மாட்டாங்க.

ஏதாவது சந்தேகம் இருந்தால் பைனல் இயர் பிளாக்கில் வந்து கேளுங்கள். அந்தப் பதிவுத் தபாலின் காப்பி இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது, வேண்டுமென்றால் தருகிறேன்.