இரு வசனங்களிலும் நிற்பவர் யார்?

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு நிர்வாகத்தினர் கேட்டபோது, மொழியின் தொன்மை பற்றி எழுதுவதா, புலம்பெயர் வாழ்வு பற்றி எழுதுவதா எனச் சில நாள் தயங்கினோம். ஈற்றில், எம் பிழையை எமக்கு உணர்த்திய ஒரு கணக்கைப் பற்றியே எழுதத் துணிந்தோம். வன்னி மண்ணில் ஒன்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து, 2010ஆம் ஆண்டில் அகதியாக இந்நாடு வந்து, வாரநாள்களில் உணவகச் சமையலறையிலும் சனிக்கிழமைகளில் இப்பள்ளியிலும் பணிபுரியும் எமக்கு அதுவே பொருத்தமான பொருளாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பாடம் முடிந்த பின்னரும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீடு செல்லாது நின்றாள். அவள் கையில் சுவிஸ் பள்ளியின் கணிதக் கொப்பி இருந்தது. இந்நாட்டுப் பிள்ளைகள் 'செற்ஸ்லிறெக்னுங்' என அழைக்கும் வசனக் கணக்கு ஒன்று அவளை வாட்டியது. பேர்ண் மாநிலத்தில் ஜேர்மன், பிரெஞ்சு, கணிதம் ஆகிய பாடங்களில் பிள்ளை காட்டும் திறனை நோக்கியே, ஏழாம் வகுப்பில் செக்கூண்டார் பிரிவா, றெயால் பிரிவா எனத் தீர்மானிக்கின்றனர். ஆதலால் அவளது கலக்கம் சிறியதன்று.

கணக்கு இதுதான்: ஒரு பண்ணையில் பசுக்களும் ஆடுகளும் 2:3 என்ற விகிதத்தில் உள்ளன. ஆடுகளும் கோழிகளும் 4:5 என்ற விகிதத்தில் உள்ளன. மொத்தம் 105 எனின், ஒவ்வொன்றும் எத்தனை?

அவள் ஆடுகளின் 3ஐயும் 4ஐயும் கூட்டி, 2:7:5 என எழுதியிருந்தாள். மொத்தம் 14 பங்கு. ஒரு பங்கு ஏழரை. விடையாக ஐம்பத்திரண்டரை ஆடுகள் வந்தன. "அரை ஆடு எப்படி சேர் மேயும்?" என்று கேட்டபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாம் என்ன செய்தோம்? பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து பழகிய கை. குறுக்குவழி ஒன்றை எழுதிக் கொடுத்தோம். "முதல் விகிதத்தை 4ஆல் பெருக்கு, இரண்டாவதை 3ஆல் பெருக்கு. 8:12, 12:15. ஆகவே 8:12:15. மொத்தம் 35 பங்கு. ஒரு பங்கு 3. பசு 24, ஆடு 36, கோழி 45." அவள் முகம் மலர்ந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடினாள். நாமும் நல்லாசிரியர் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

மூன்று வாரங்களின் பின் அவள் பரீட்சைத் தாளோடு வந்தாள். அதில் பழத்தோட்டம் ஒன்று. அப்பிள் மரங்களும் பியர்ஸ் மரங்களும் 2:3; அப்பிள் மரங்களும் செறி மரங்களும் 4:5; மொத்தம் 105. அவள் 24, 36, 45 என எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடு விழுந்திருந்தது.

"நீங்கள் சொன்ன மாதிரித்தானே சேர் செய்தனான்" என்றாள்.

அவள் கூறியது உண்மை. எண்கள் அவைதாம், ஆனால் வசனம் வேறு. முன்னைய கணக்கில் இரு வசனங்களிலும் நின்றவை ஆடுகள். இங்கே இரண்டிலும் நிற்பது அப்பிள். அதன் எண்கள் 2உம் 4உம். முதல் விகிதத்தை 4:6 என மாற்றினாலே போதும். 4:6:5 என்று வந்துவிடும். மொத்தம் 15 பங்கு, ஒரு பங்கு 7. அப்பிள் 28, பியர்ஸ் 42, செறி 35. இதில் வஞ்சகம் என்னவெனில், பிழையான விடையிலும் அரை மரம் வரவில்லை. கூட்டினாலும் 105 வருகிறது. 24 அப்பிளும் 45 செறியும் 4:5 ஆகுமா என்று வசனத்தோடு ஒப்பிட்டிருந்தால் மட்டுமே பிழை வெளிப்பட்டிருக்கும். வசனத்தை வாசிக்காமல் எண்ணைப் பெருக்கக் கற்பித்தவர்கள் நாமே.

அன்று அவளுக்கு எதையும் தீர்த்துக் காட்டவில்லை. "இதை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் சொல், எண்களைப் பிறகு சொல்" என்று மட்டும் கூறி அனுப்பினோம். மறு சனிக்கிழமை அவள் கூறியதை இங்கே தருகின்றோம். தாயார் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்பவர்; போரினால் படிப்பு இடையில் நின்றவர். கறிக்கு வெங்காயம் அரிந்தபடியே கேட்டுவிட்டு, "பியர்சுக்கும் செறிக்கும் நேரே ஒரு தொடர்பும் சொல்லேல்லையே. ரெண்டுக்கும் நடுவிலை அப்பிள்தானே நிக்குது? அப்ப அதையெல்லோ முதல் ஒண்டாக்க வேணும்" என்றாராம். ஒன்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் இத்துணை தெளிவாகக் கூறியதில்லை.

அந்நாள் முதல் எம் முறை இதுவாயிற்று. முதலில், கணக்கை எண்ணின்றித் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டாவது, இரு வசனங்களிலும் நிற்பவர் யார் எனக் காண வேண்டும். மூன்றாவது, அவருடைய இரு எண்களுக்கும் பொது மடங்குகளுள் சிறியதை எடுத்து, அதற்கேற்ப ஒவ்வொரு விகிதத்தையும் முழுமையாகப் பெருக்க வேண்டும். அவ்வெண்கள் 6, 4 எனின் 24 வேண்டியதில்லை, 12 போதும். நான்காவது, விடையை ஒவ்வொரு வசனத்தோடும் ஒப்பிட வேண்டும்.

இது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உரிய வித்தையன்று. பிராங்குக்கும் டொலருக்கும் ஒரு விகிதம், டொலருக்கும் ரூபாவுக்கும் ஒரு விகிதம் எனத் தெரிந்தால், ஊருக்கு அனுப்பும் பணத்தின் பெறுமதியை டொலரை நடுவில் வைத்துக் காணலாம். 1850இல் பிராங்க் நாட்டின் பொது நாணயமாகும் வரை சுவிஸ் மாநிலங்கள் தத்தம் நாணயங்களை வழங்கின. அக்கால வணிகர்க்கு இத்தகைய கணக்கு அன்றாடத் தேவையாயிருந்திருக்கும். இங்கே 'டிறைசற்ஸ்' எனக் கற்பிக்கும் முறையை, மூன்று தொகைகளைக் கொண்ட 'திரைராசிகம்' என ஆரியபட்டர் 499இல் இயற்றிய நூலிலும், பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியிலும் காண்கின்றோம். 1522இல் ஜேர்மன் மொழியில் வெளியான ஆடம் றீசின் கணித நூலிலும் அது உண்டு. எம் பிள்ளைகள் இங்கே கற்பது அந்நியமான அறிவன்று.

அம்மாணவி அவ்வாண்டில் கணிதத்துக்கு றெயால் பிரிவிலேயே சேர்க்கப்பட்டாள். அந்த ஒரு கணக்கே காரணம் எனக் கூறுதல் மிகையாகும்; ஆயினும் எம் மனம் ஆறவில்லை. ஓராண்டின் பின் தன் முயற்சியால் செக்கூண்டார் பிரிவுக்கு மாறினாள்.

பெற்றோர்களே, எம் பிள்ளைகளும் இரு வசனங்களில் நிற்பவர்களே. வீட்டு வசனத்தில் அவர்களுக்கு ஓர் எண், பள்ளி வசனத்தில் வேறோர் எண். இரண்டையும் வெறுமனே கூட்டினால் அரை ஆடுதான் மிஞ்சும். ஒன்றை அழித்தால் கணக்கே இல்லை. 2:3 என்பது 8:12 ஆகும்போது எண்கள் வளர்கின்றனவே தவிர, விகிதம் மாறுவதில்லை. அதற்கு வீடும் சற்று வளர வேண்டும். பள்ளியும் சற்று வளர வேண்டும். இன்றிரவு பிள்ளையின் கொப்பியில் உள்ள கணக்கு ஒன்றைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்பதே போதும்.