ஆனதோத்து நிலம்

அப்பாவின் கடைசி மாதங்களில் இரவுதோறும் எரேமியாவை அவருக்கு வாசித்துக் காட்டினோம். அழுகையின் தீர்க்கதரிசி என்றே அவரை அதுவரை அறிந்திருந்தோம். முப்பத்திரண்டாம் அதிகாரம் எங்களை நிறுத்தியது.

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் வீழும் என்று சொன்னதற்காக எரேமியாவை அரசன் சிதேக்கியா காவல் முற்றத்தில் அடைத்திருக்கிறான். பெரியப்பா மகன் அனாமெயேல் அங்கே வந்து, சொந்த ஊரான ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிட்ட பத்திரத்தை, நெடுநாள் கெடாதிருக்க, மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அதன் பிறகே கடவுளிடம் முறையிடுகிறார்: நகரம் பகைவர் கைக்குப் போகிறதே, நிலம் வாங்கச் சொன்னீரே!

"அப்புறம் போய் உழுதாரா?" என்று அப்பா கேட்டார்.

இல்லை. கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தது. எஞ்சியவர்கள் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்நிலத்தில் அவர் விதைத்ததாக நூலில் ஒரு சொல்லும் இல்லை.

ஐயம் தீர்ந்த நிலையே விசுவாசம் என்று எண்ணியிருந்தோம். எரேமியாவோ ஐயத்தோடேயே விலையைக் கொடுத்துவிட்டார்.

"வாங்கினாரே, அது போதும்" என்றார் அப்பா. அவர் பிழைக்கமாட்டார் என்பது எங்களுக்கும் அவருக்கும் தெரியும். மறுநாள் இரவு முப்பத்துமூன்றாம் அதிகாரத்தை வாசித்தோம்.