மூன்று மணிக்கு ஒன்றுகூடும் தேசம்



கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளான டிசம்பர் 24. சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணி ஆகுமுன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். வீதிகளில் ஆள் நடமாட்டம் அருகிவிடுகிறது. பாட்டனார் முதல் பேரப்பிள்ளை வரை தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்துவிடுகின்றனர். எதற்காக என்று எண்ணுகிறீர்கள்? ஒரு வாத்தைப் பார்ப்பதற்காக!

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1958இல் அமெரிக்காவில் வெளியிட்ட கார்ட்டூன் தொகுப்பு அது. டொனால்டு டக் என்று உலகம் அறிந்த வாத்தைச் சுவீடன் மக்கள் 'கால்லே அங்கா' என்று அழைக்கின்றனர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டுதோறும் அதே நாளில் அத்தொகுப்பு ஒளிபரப்பாகி வருகிறது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் அந்நாட்டில், 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்ட ஆண்டுகள் பல. வசனங்கள் அவர்களுக்கு மனப்பாடம்!

இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1969ஆம் ஆண்டின் இறுதி வரை சுவீடனில் ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசைதான் இருந்தது. கார்ட்டூன் படம் காண்பதே அரிது. ஆதலால் அந்த ஒரு மணி நேரத்திற்காகக் குழந்தைகள் ஆண்டு முழுவதும் காத்திருந்தனர். இன்றோ எப்படத்தையும் எந்நேரமும் கைப்பேசியிலேயே காணலாம். ஆயினும் வழக்கம் மாயவில்லை.

அத்தொகுப்பில், சண்டையிட விரும்பாமல் மலர்களை முகர்ந்துகொண்டிருக்கும் ஃபெர்டினாண்டு என்னும் காளையின் கதையும் உண்டு. 1982இல் அதை நீக்கிவிட்டு வேறொரு கதையைச் சேர்த்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே காளை திரும்பி வந்துவிட்டது!

அண்டை நாடான நார்வேயிலும் இத்தகைய வழக்கங்கள் உள்ளன. அங்கு டிசம்பர் 24 காலையில், 1973இல் வெளிவந்த சின்டரெல்லா கதைப்படம் ஒன்றைக் காட்டுகிறார்கள். கதாநாயகி உட்பட அத்தனை பேருக்கும் நார்வே மொழியில் குரல் கொடுப்பவர் ஒரே ஓர் ஆடவர்! அதற்கு முந்தைய நாள் மாலையில், 1963இல் ஜெர்மனியில் பதிவான ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகம். தொண்ணூறாவது பிறந்த நாள் காணும் மூதாட்டி, என்றோ இறந்துபோன நண்பர்கள் நால்வருக்கும் நாற்காலி இட்டு விருந்து வைக்கிறார். அவர்களுக்குரிய மதுவையெல்லாம் பணியாளர் அருந்தித் தள்ளாடுவது நமக்கு ஏற்புடைய நகைச்சுவை அன்று. எனினும், அந்த வெற்று நாற்காலிகள் நம் நெஞ்சைத் தொடாமல் இரா.

அம்மக்கள் எதையும் மாற்ற மறுப்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது போலும். படம் அதேதான், அருகிருந்து பார்த்தவர்கள்தாம் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். அதே காட்சியில், அதே வசனத்தில், தந்தையின் சிரிப்பொலி மகனுக்குக் கேட்கிறது.

சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். நோன்பு திறக்கும் வேளையில் அதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். மற்ற மாதங்களில்? ஆளுக்கொரு மூலையில், கைக்கொரு பேசி! ஒரு வாத்துக்காக ஒரு தேசமே ஒன்றுகூடுகிறது. நம் வீட்டார் அனைவரும் கூடி அமர, நாளில் ஒரு வேளையையேனும் ஒதுக்கக் கூடாதா? சிந்தியுங்கள்!