ஜவ்வாது மலைக்கு டின் அடுப்போடு போறீங்களா?

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் போனால், அதிகாலைக் குளிருக்குச் சூடாக டீ கேட்கும். காலி கூல்டிரிங்க்ஸ் டின்கள் இரண்டு போதும். அடிப்பாகங்களை இரண்டு விரல் உயரம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளையிட்டு, நடுவில் ஸ்பிரிட் ஊற்ற ஓட்டை போட்டால் அடுப்பு ரெடி. சுமார் 30 மில்லியில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்துவிடும். கரியே பிடிக்காது!

ஆனால், அந்தத் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று மறுபடி ஊற்றினால் பாட்டிலுக்கே பாயும். காய்ந்த புல்லில் கவிழ்ந்தால்? 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றமும்கூட. விடுதியின் சிமென்ட் தரையில், அனுமதி கேட்டுப் பற்றவையுங்கள். ஸ்பிரிட் பாட்டிலில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டுங்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.