மொட்டையடிக்கும் கவாத்து மரத்துக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து

மதுரைக்குக் கடம்பவனம் என்று ஒரு பழம்பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தல மரமே கடம்புதான். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ராணி மங்கம்மாள் சாலை போட்டு, ஓரமெல்லாம் மரம் வைத்ததை இன்றும் சொல்வார்கள். மரம் வைப்பது நமக்குப் புதிதல்ல. வளர்ந்த மரத்தைப் பராமரிப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வாசலில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணி, கே.கே.நகர் வழியாகத் தமுக்கம் வரை வந்து பாருங்கள். காந்தி மியூசிய வளாகத்தில் மரங்கள் தாராளமாகக் கிளை விரித்து நிற்கும். வெளியே, மின்கம்பிக்குக் கீழே மாட்டிக்கொண்ட மரங்களின் கதை வேறு. உச்சி வெட்டி, அடிமரம் வரை சிமென்ட் பூசி, உடம்பில் விளம்பரத் தகட்டுக்கு ஆணியும் அடித்துவிடுகிறோம்.

உச்சியை மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் போத்துகள் கொத்தாக வெடிக்கும். அவை மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. கனத்ததும் ஐப்பசிக் காற்றில் முறிந்து விழும். வெட்டுவாயில் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப் பொந்தாகும். ஆபத்தைத் தவிர்க்க வெட்டியதே சில வருடங்களில் ஆபத்தாகிவிடும்.

சரியான முறை மூன்று வெட்டு:

1. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள்.

2. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுங்கள். பட்டை உரியாமல் கிளை விழும்.

3. மீதிக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பை ஒட்டி எடுங்கள். புடைப்பில் வெட்டு படக்கூடாது. காயத்தை மூடுவது அதுதான். தாரோ பெயின்டோ பூச வேண்டாம்.

ஒரே தடவையில் தழையில் கால் பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். காய்ந்த கிளையை எப்போதும் எடுக்கலாம். பச்சைக் கிளையை அடைமழையில் தொடாதீர்கள்.

நம் ஊர்ச் சாலைப் புளியமரங்களுக்கும் இதே கணக்குதான். மொட்டையடித்தால் சில வருடம் காய்ப்பு போகும். ஏலம் எடுத்தவருக்கும் நட்டம், ஏலம் விடுபவருக்கும் நட்டம்.

பொது இடத்து மரத்தை நாமாக வெட்டக்கூடாது. பஞ்சாயத்திலோ வி.ஏ.ஓ.விடமோ எழுதிக் கொடுங்கள். கம்பியில் உரசும் கிளை என்றால், மின்வாரிய ஆட்கள் வந்து கரண்டை நிறுத்திய பிறகே அரிவாள் ஏற வேண்டும். புதிதாகக் கம்பிக்குக் கீழே வைப்பதாக இருந்தால் தூங்குமூஞ்சி வேண்டாம். மந்தாரை, பவளமல்லி போதும். பின்னாளில் வெட்டும் வேலையே குறைந்துவிடும்.