வாப்பா ஏறிய டகோட்டா

தட்டுத் தடுமாறி ஓடும் பழைய பேருந்தைக் கண்டால் "ஓட்டை டகோட்டா" என்று நாம் நகைப்பதுண்டு. அப்பெயருக்குரிய விமானத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருப்போம்? நானும் கண்டதில்லை. மதரஸா மாணவன் ஒருவனின் சைக்கிளை அவ்வாறு நான் கேலி செய்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த வாப்பா குறுக்கிட்டார்கள். "டகோட்டாவில் நான் போயிருக்கிறேன். அது ஓட்டையில்லை."

1950-களில், கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனாருடன், சிறுவனாக அவர்கள் ஏர் சிலோன் விமானத்தில் சென்ற கதையை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். அந்த விமானத்தைச் சிறிதாகச் செய்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் அன்றே பிறந்தது. "உஸ்தாத் பொம்மை செய்கிறார்" என்று ஊரில் சிலர் சிரித்ததைப் பெரிதாக எண்ணவில்லை.

அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்வகை விமானம் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. போர்க்காலத் தேவைக்காகச் செய்யப்பட்டவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டும். போர் ஓய்ந்ததும் உபரியாகிவிட்ட விமானங்களைப் புதிய கம்பெனிகள் பல வாங்கிக்கொண்டன. ஏர் சிலோனும் டகோட்டாக்களைக் கொண்டே தொடங்கியது. 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அதன் முதல் பயணம் நடந்தது.

நான் வாங்கியது 72-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் உதிரிகள் அடங்கிய பெட்டி. 29 மீட்டர் அகலச் சிறகு இதில் 40 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஒட்டும் வேலை எளிது. வண்ணம்தான் மனிதனைச் சோதிக்கிறது. பளபளக்கும் கறுப்பை முதலில் பூசி, அதன்மேல் வெள்ளி வண்ணத்தை மெல்லியதாக ஏற்றினால்தான் உலோகத்தின் ஒளி வரும். வால் பகுதியில் அசையும் பலகைகளுக்கு மட்டும் அந்த ஒளி கூடாது. அசலில் அவை துணி போர்த்தப்பட்டவை. ஆகவே அவற்றுக்கு மங்கிய வெள்ளி.

பிறகு விமானத்தைப் பழையதாக்க முனைந்தேன். அங்கேதான் அறிவிழந்தேன். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து உடலெங்கும் அழுக்கு ஓடவிட்டேன். சிறகெங்கும் கரி. போதாக்குறைக்குத் துருவும் தீட்டினேன். அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்பதைக் கலைப் பட்டதாரி ஒருவன் மறந்ததை மன்னிப்பீர்களாக!

வாப்பாவின் பார்வை மங்கி வருகிறது. சன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே வைத்துப் பார்த்தார்கள். "இது குப்பைமேட்டில் கிடந்ததா?" என்றார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாத உழைப்பல்லவா!

மறுநாள் காகிதமும் பென்சிலுமாக அவர்கள் எதிரில் அமர்ந்தேன். பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் விமானமாதலால், உள்ளே இருக்கைக்குப் போவது மேடேறுவது போலிருந்ததாம். இடப்பக்கச் சன்னல் அவர்களுக்குக் கிடைத்தது. காக்கி உடுப்பு அணிந்த ஒருவர், புறப்படுமுன் இஞ்சின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பறந்து கொஞ்ச நேரத்தில் அதே மூடியில் மெல்லிய எண்ணெய்க் கோடுகள் பின்னோக்கி நீண்டன. "பயந்து பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது அப்படித்தான், இறங்கியதும் துடைத்துவிடுவார்கள் என்றார்கள்."

அழுக்குக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ணெய் காற்றின் திசையில்தான் ஓடும். கரி, புகைக்குழாய்க்குப் பின்னால்தான் படியும். செம்மண் தூசி சக்கரங்களை ஒட்டியே ஏறும். வாசற்படியில் செருப்புகளின் தேய்வு இருக்கும். மற்ற இடங்களை எவரோ நாள்தோறும் துடைத்திருக்கிறார்.

டர்பன்டைன் நனைத்த துணியால் அனைத்தையும் அழித்தேன். நல்லவேளையாக வெள்ளிப் பூச்சு தப்பியது. அந்தக் காக்கி மனிதர் செய்ததையே நானும் செய்தேன். நுண்ணிய தூரிகையால் எண்ணெய்க் கோடு இழுப்பதும், உலருமுன் துடைப்பதும், மீண்டும் இழுப்பதுமாகப் பத்து நாட்கள் கழிந்தன. துடைத்த பின்னும் எஞ்சிய கறையே அசலைப் போலிருந்தது. வாசற்படித் தூசிக்கு மதரஸாவின் சுண்ணாம்புக்கட்டியைப் பொடித்துப் பயன்படுத்திக்கொண்டேன்.

இம்முறை வாப்பா கண்ணருகே கொண்டுபோகவில்லை. வாலைத் தாழ்த்திப் பிடித்து, வாசலிலிருந்து ஒவ்வொரு சன்னலாக விரலால் தடவி எண்ணினார்கள். ஒன்றில் விரல் நின்றது. "இங்கேதான்."

வலப்பக்கம் எப்படியிருந்தது என்று கேட்டேன். "அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லையே" என்றார்கள்.

எங்கள் வீட்டு அலமாரியில் அந்த டகோட்டா நிற்கிறது. அதன் வலப்பக்கம் புதுக்கருக்கு மாறாமல் பளபளக்கிறது. வேலையை ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று வருவோர் கேட்கிறார்கள்.