தாமல் முதல் முதுமலை வரை... மாட்டுக்குப் போட்ட ஊசி காப்பாற்றிய மான்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தாமல். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்த காலத்தில் ஒரு கோட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊர் இது. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. ஆனால் பெங்களூரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களுக்குத் தாமல் என்றால் ஏரிதான். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. மழை நன்றாகப் பெய்த வருடம் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். வற்றிப்போன கோடையில் அதே இடம் மாடுகளின் மேய்ச்சல் நிலம்.

அந்த மாடுகளுக்கும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி முதுமலையில் மேயும் மான்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், இன்று அமெரிக்காவிலும் நார்வேயிலும் மான் வேட்டைக்காரர்கள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்பதும் புரியும்.

வெக்கை வந்த ஊர்கள்

தாமலுக்கு மேற்கே சாலை இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் நுழைகிறது. பழைய கணக்கில் அது வட ஆற்காடு. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தாக்கியது அந்த வட ஆற்காட்டில்தான், ஆண்டு 1995.

வெக்கை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் போனதே ஒரு வெற்றி. மாட்டுக்குக் கடும் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல் பிடிக்கும். பல மாடுகள் ஒன்றிரண்டு வாரம்கூடத் தாங்காது. உழவு மாடும் கறவை மாடும் ஒரே மாதத்தில் போய்விட்டால், அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் நடவும் இல்லை, பாலும் இல்லை.

இந்த நோய்க்குத் தொழுவம், காடு என்ற வித்தியாசம் தெரியாது. பிளவுபட்ட குளம்பு உள்ள விலங்குகள் பலவற்றுக்கும் தொற்றும். காட்டுமாடு, மான், காட்டுப்பன்றி எல்லாம் இதில் சேர்த்தி. மேயப் போன மாடும் தண்ணீர் குடிக்க வந்த காட்டு விலங்கும் ஒரே குட்டையில் வாய் வைத்தால் போதும்.

அப்படி ஊரிலிருந்து காட்டுக்குப் போன நோயின் கதையைப் பார்க்க, முதுமலைக்குப் போக வேண்டும். தாமலிலிருந்து அதே நெடுஞ்சாலையில் வேலூர், கிருஷ்ணகிரி; அங்கிருந்து சேலம், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் மசினகுடி.

வேட்டைக்காரர்கள் ஆரம்பித்த சங்கம்

மசினகுடியைத் தாண்டினால் தெப்பக்காடு யானை முகாம். ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் பார்த்த இடம். பக்கத்திலேயே மாயாறு ஓடுகிறது. சாலையோரப் புல்வெளியில் புள்ளிமான்கள் கூட்டமாக மேயும். மாலை வேளையில் கடமான் ஒன்று புதரிலிருந்து எட்டிப் பார்க்கும். பலரும் காட்டெருமை என்று சொல்லும் காட்டுமாடு, காலில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நிதானமாக நடக்கும்.

இந்த மலையில் காட்டு விலங்குகளைக் காக்க முதலில் சங்கம் வைத்தவர்கள் வேட்டைக்காரர்கள். 1877-ல் ஊட்டியில் நீலகிரி வேட்டை விலங்குகள் சங்கம் தொடங்கியது. இஷ்டத்துக்குச் சுட்டுத் தள்ளினால் நாளைக்குச் சுட ஒன்றும் மிஞ்சாது என்று அந்தத் துரைமார்களுக்குப் புரிந்திருந்தது. 1879-ல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் வந்தது. உரிமம், கட்டணம், வேட்டைக்குத் தடைக்காலம் என்று விதிகள் வந்தன. மானை மிச்சம் வைக்கப் போட்ட ஏற்பாடு இது. ஆனால் துரைமார்களின் விளையாட்டுக்காகப் போட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த குறும்பர், இருளர் கையில் அந்தச் சட்டத்தை எழுதிய பேனா இருக்கவில்லை. மானைத் தின்னும் செந்நாயை ஒழிக்கப் பரிசுப் பணம் கொடுத்ததும் அதே காலம்தான்.

காலம் மாறியது. 1940-ல் முதுமலை சரணாலயம் ஆனது. சங்கமும் மாறியது. அதன் பொறுப்பில் இருந்த குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் இளமையில் வேட்டைக்காரர். துப்பாக்கியை வைத்துவிட்டு, 1963-ல் மலைமேல் நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். சீகூர் காட்டில் அவர் கட்டிய வீட்டுக்கு ‘சீத்தல் வாக்’ என்று பெயர். சீத்தல் என்றால் புள்ளிமான். எந்தப் புதரில் எது படுக்கும், எந்தக் கூட்டத்தில் எத்தனை என்பது வேட்டைக்காரனுக்குத் தெரியும். அந்தக் கண்தான் பிறகு கணக்கெடுக்கவும் உதவியது.

1968: காடு நாறிய வருடம்

1968-ல் முதுமலையிலும் பக்கத்துப் பந்திப்பூரிலும் வெக்கை நோய் புகுந்தது. காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புலிக்கும் சிறுத்தைக்கும் தப்பிய மிருகம், கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் தோற்றது. பழைய எண்ணிக்கை திரும்ப வருவதற்குள் பல வருடங்கள் ஓடிவிட்டன.

வேட்டைச் சட்டத்தால் இதைத் தடுக்க முடியவில்லை. தடைக்காலம் என்றால் துப்பாக்கி கேட்கும், கிருமி கேட்காது. காட்டில் திரியும் ஒவ்வொரு மானையும் பிடித்து ஊசி போடவும் முடியாது.

வழி, காட்டுக்கு வெளியே இருந்தது. வெக்கைக் கிருமிக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, உடம்பை விட்டு வெளியே வந்தால் அதிக நேரம் உயிரோடு இருக்காது. இரண்டு, ஒருமுறை வந்து பிழைத்த மாட்டுக்கும் சரி, தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் சரி, நீண்ட காலம் பாதுகாப்பு கிடைக்கும். ஊர் மாடுகளுக்கு எல்லாம் ஊசி போட்டுவிட்டால் காட்டுக்குப் போக நோய்க்கு வண்டியே இருக்காது.

இந்தியாவில் 1954-ல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகக் கால்நடை ஊழியர்கள் ஐஸ் பெட்டியோடு போனார்கள். ஏரிக்கரையிலும் மந்தைவெளியிலும் மாடுகளை வரிசையில் நிறுத்தினார்கள். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பிறகு அதில் 33-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்கிறது அது. மானைக் காக்க மாட்டுக்கு ஊசி என்பதே சட்டமாகிவிட்டது.

1995-க்குப் பிறகு இந்தியாவில் வெக்கை இல்லை. 2011-ல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து, பூமியிலிருந்தே துடைத்தெறியப்பட்ட இரண்டாவது நோய் இது. இன்று தெப்பக்காட்டில் கார் கண்ணாடியை இறக்கிக் காட்டுமாட்டைப் படம் பிடிக்கும் குடும்பங்கள், பெயர் தெரியாத அந்தக் கால்நடை ஊழியர்களுக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

ஊசி இல்லாத நோய்

எல்லா நோயும் இப்படி வசதியாக அமைவதில்லை. 1967-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்காக வளர்த்த மான்கள் சில காரணமே தெரியாமல் மெலிந்தன. எச்சில் ஒழுகியது, தலை தொங்கியது, கடைசியில் செத்தன. மானை நாள்பட உருக்கிக் கொல்லும் இந்த நலிவு நோய்க்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘ஜாம்பி மான் நோய்’. இந்தியாவில் இது இதுவரை கண்டறியப்படவில்லை.

இதற்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. ப்ரியான் எனப்படும், உருவம் கெட்டுப்போன ஒரு புரதம். அது மூளையில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே கெடுத்துவிடும். தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருடம்வரை நன்றாகவே தெரியும். அதற்குள் எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் நோயைப் பரப்பிவிடும். மண்ணில் விழுந்த ப்ரியான் வருடக்கணக்கில் அழியாது. பிழைத்த மான் என்று ஒன்று கிடையாது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

வெக்கையின் இரண்டு பலவீனங்களும் இதற்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசி போட ஊர் மாடும் இல்லை, ஊசியும் இல்லை. அங்கே அரசாங்கத்தின் கையில் இருக்கும் முக்கியக் கருவி வேட்டைக்காரர்தான். மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பவரும் அவர்தான், சுட்ட மானின் நிணநீர்க்கட்டியைச் சோதனைக்குக் கொடுப்பவரும் அவர்தான்.

வீட்டு ஃப்ரீசரில் ஒரு கேள்வி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டை நம் ஊர்ப் பொங்கல் மாதிரி. தாத்தா, அப்பா, பேரன் என்று குடும்பமே காட்டுக்குப் போகும். கிடைத்த இறைச்சியை ஃப்ரீசரில் வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவார்கள். 2002-ல் அங்கே இந்த நோய் தெரியவந்ததும் அரசு கடுமையாக இறங்கியது. நோய் தென்பட்ட பகுதியில் மான்களை முடிந்தவரை ஒழித்துவிட வேண்டும் என்றது. கொம்புள்ள ஆண் மானைச் சுட வேண்டுமா? முதலில் ஒரு பெண் மானைச் சுட்டுக் காட்டு என்று விதி போட்டது.

வேட்டைக்காரர்களின் கவலைகள் சின்னவை அல்ல. தின்ன முடியாத இறைச்சிக்காக எதற்குச் சுடுவது? சோதனை முடிவு வரும்வரை பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடலாமா? மிச்ச எலும்பை எங்கே போடுவது? எல்லா மானையும் கொன்றுவிட்டால் பேரனுக்கு எதைக் காட்டுவது? நோய் கொல்வதைவிட அதிகமாக அரசாங்கமே கொன்றுவிடுமோ என்ற சந்தேகமும் எழுந்தது. நில உரிமையாளர்கள் பலர் ஒத்துழைக்கவில்லை. சில ஆண்டுகளில் ஒழிப்பு இலக்கே கைவிடப்பட்டது. நோய் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது.

மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

ஈழத்தமிழர்கள் பலர் குடியேறி வாழும் நார்வேயில் கதை வேறு மாதிரி போனது. 2016-ல் நூர்ஃபியெல்லா மலைப்பகுதியில் இறந்த ஒரு கலைமானுக்கு இந்த நோய் உறுதியானது. ஐரோப்பாவில் இதுவே முதல் முறை. நோய் மண்ணில் ஊறுவதற்குள் அங்கிருந்த கூட்டம் முழுவதையும், 2,000-க்கும் மேற்பட்ட மான்களை, அழிக்க அரசு முடிவு செய்தது. 2017 இலையுதிர் காலத்தில் உள்ளூர் வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். மிச்சத்தைப் பனிக்காலத்தில் அரசு வீரர்கள் முடித்தார்கள். அத்தனை மான்களில் நோய் இருந்தது 19-க்குத்தான். பெற்றவர்கள் காட்டிக்கொடுத்த மான்கூட்டத்தைத் தன் கையாலேயே முடித்துவைப்பது எந்த வேட்டைக்காரனுக்கும் சுலபம் இல்லை. மலை சில வருடங்களாவது காலியாகக் கிடக்கட்டும் என்று விட்டார்கள். ஆனால் 2020-ல் பக்கத்து ஹார்டாங்கர் பீடபூமியிலும் நோய் தலைகாட்டியது.

யார் செய்தது சரி? 19-க்காக 2,000 என்பது கொடுமையாகத் தெரியும். விட்டுவிட்ட இடத்தில் நோய் நிலைத்துவிட்டது என்பதும் உண்மை. ஒன்று மட்டும் தெளிவு: காட்டை நன்றாக அறிந்தவரின் நம்பிக்கை இல்லாமல் காட்டு நோயைக் கட்டுப்படுத்த முடியாது.

திரும்பவும் ஏரிக்கரைக்கு

இங்கே அந்த இடத்தில் இருப்பவர் வேட்டைக்காரர் இல்லை, மாடு மேய்ப்பவர். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. மான் பிழைக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். மாட்டை நம்பிய வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் நியாயம்தான். வெக்கை ஒழிந்தது இரண்டாவது நியாயத்தையும் மதித்ததால். தன் மாடு பிழைக்கும் என்று நம்பித்தான் விவசாயி மாட்டைப் பிடித்து வந்து ஊசிக்கு நிறுத்தினார். மான் பிழைத்தது அதன் கூடக் கிடைத்த லாபம்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம் என்று குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. எல்லோருக்கும் இடம் தந்த சபை இல்லைதான். ஆனாலும் ஏரியைக் காக்க ஏரிக்கரையில் இருப்பவனே வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

தாமல் ஏரிக்கரையில் சாயங்கால வெயில் சாயும்போது மாடுகள் வீடு திரும்பும். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முதுமலை மானின் ஆயுள் ரேகையில் ஒரு கோடு இந்த ஊர் மாட்டின் தோலில் ஏறிய ஊசித் தழும்பு.